வேலியைப் பார்த்து நிற்கும் காவல்

2024 ஜூலை 11 அன்று ஸ்பெயினின் ஐந்து மாநில அரசுகளிலிருந்து தீவிர வலதுசாரி வோக்ஸ் கட்சி விலகியது. பழமைவாத மக்கள் கட்சியோடு சேர்ந்து அது அமைத்திருந்த கூட்டணி ஆட்சிகள் அவை. விலகலுக்குக் கட்சித் தலைவர் சந்தியாகோ அபஸ்கல் சொன்ன காரணம் ஒன்றுதான். கானரித் தீவுகளுக்குப் படகேறி வந்து, பெற்றோர் துணையின்றி முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்த சிறுவர்களில் ஏறத்தாழ 350 பேரை மற்ற மாநிலங்கள் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருந்தன. மக்கள் கட்சி ஆளும் மாநிலங்களும் அதற்குச் சம்மதித்திருந்தன. 4.8 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இந்தப் பிள்ளைகளின் பெயரால் ஐந்து கூட்டணிகள் முறிந்தன.

அந்த ஐந்தில் ஒன்று வலென்சியா. அங்கே உள்துறையும் அதைச் சேர்ந்த அவசரகால மீட்புப் பணியும் அதுவரை வோக்ஸ் அமைச்சரின் கையில் இருந்தன. கூட்டணி முறிந்ததும் துறை கைமாறியது. மூன்றரை மாதம் கழித்து, அக்டோபர் 29 அன்று, வலென்சியாவின் மலைப்பகுதியில் மழை தொடங்கியது.

தூரிஸ் என்ற ஊரில் அன்று ஒரே நாளில் 77 செ.மீ. மழை கொட்டியது. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவம் முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 44 செ.மீ.தான். ஒரு மணி நேரத்தில் 18 செ.மீ.க்கு மேல் பெய்ததும் அங்கேதான். ஸ்பெயின் அதற்குமுன் கண்டிராத அளவு அது. அந்த நீர் போயோ என்னும் வறண்ட ஓடை வழியாகப் பாய்ந்து, மழையே சரியாகப் பெய்யாத சமவெளி ஊர்களுக்குள் புகுந்தது. பைபோர்த்தா போன்ற ஊர்களில் தரைத்தள வீடுகளிலும் நிலவறை வாகன நிறுத்தங்களிலும் மக்கள் மூழ்கினார்கள். வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேர் 70 வயதைக் கடந்தவர்கள். புவி வெப்பமடைந்ததால் இத்தகைய மழை சுமார் 12 விழுக்காடு கூடியிருக்கிறது, நிகழும் வாய்ப்பும் ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது என்று உலக வானிலைக் காரணி ஆய்வுக் குழு தன் விரைவு மதிப்பீட்டில் சொன்னது.

ஸ்பெயினின் வானிலை நிறுவனம் அன்று காலை எட்டு மணிக்கு முன்பே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. வலென்சியா பல்கலைக்கழகம் முந்தைய நாளே வகுப்புகளை நிறுத்தியிருந்தது. மாநில அரசுத் தலைவர் கார்லோஸ் மசோனோ, மாலை ஆறு மணியளவில் மழை தணிந்துவிடும் என்று நண்பகலில் அறிவித்தார். மக்களின் கைபேசிகளுக்கு மாநில அரசின் எச்சரிக்கை போனது இரவு 8.11க்கு. அதற்குள் பெரும்பாலானோர் இறந்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை தாமதமாக வந்ததோடு உள்ளடக்கத்திலும் பிழையானது என்று இந்த இறப்புகள் குறித்த வழக்கை விசாரிக்கும் நீதிபதி பதிவுசெய்திருக்கிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. முந்தைய சோஷலிச அரசு தொடங்கிய வலென்சியா அவசரகாலப் பிரிவை, மக்கள் கட்சியும் வோக்ஸும் சேர்ந்த அரசு பதவியேற்ற சில மாதங்களிலேயே, 2023 நவம்பரில், கலைத்தது. ஆளோ வண்டியோ இல்லாமல் காகிதத்தில் மட்டும் இருந்த பிரிவு அது என்பது அரசின் வாதம். அது இருந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஓடைக்கரையில் கட்டடங்கள் எழ அனுமதித்ததும், போயோ ஓடைக்கான வெள்ளத்தடுப்புப் பணிகளைப் பல்லாண்டுக் காலம் கிடப்பில் போட்டதும் இரு பெரும் கட்சிகளின் ஆட்சியிலும் நடந்தவை. ஆகவே வெள்ளத்தின் பழி முழுவதையும் ஒரு கட்சியின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. நான் சுட்ட விரும்புவது வேறு. ஒரு கூட்டணி ஆட்சியை முறிக்கும் அளவுக்குப் பெரிய ஆபத்தாகக் கருதப்பட்டது எது, காகிதத்தோடு நின்றுபோனது எது என்பதைப் பாருங்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மறுசீரமைப்புக்கு மசோன் அரசுக்கு நிதிநிலை அறிக்கை தேவைப்பட்டது. அதை நிறைவேற்ற வோக்ஸின் வாக்குகள் தேவைப்பட்டன. 2025 மார்ச்சில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கான பணத்துக்கு விலையாக மசோன் இரண்டு நிலைப்பாடுகளைப் பகிரங்கமாக எடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் காலநிலைக் கொள்கையான பசுமை ஒப்பந்தத்தைச் சாடினார். வெள்ளத்தடுப்புக் கட்டுமானங்கள் நடக்காமல் போனதற்கே அந்தப் பசுமைக் கொள்கைதான் காரணம் என்றார். புலம்பெயர்ந்து வந்த சிறுவர்களை இனி ஏற்க மாட்டோம் என்றார். காலநிலை மாற்றம் கூட்டிய மழையில் மூழ்கிய மாநிலம், தன்னைச் சீர்செய்துகொள்ளக் காலநிலைக் கொள்கையைக் கைகழுவ வேண்டியதாயிற்று. அந்த வெள்ளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறுவர்கள் அதே ஒப்பந்தத்தில் இரண்டாவது நிபந்தனையானார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்பெயின் மத்திய அரசு வேறொரு முடிவெடுத்திருந்தது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் உரிய ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 25,000 வெளிநாட்டவருக்கு வசிக்கவும் வேலை செய்யவும் அனுமதி தந்தது. தற்காலிக ஏற்பாடுதான். ஆனாலும் பேரிடரையும் புலம்பெயர்ந்தவரையும் அரசு ஒருசேரக் கையாள இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

காலநிலையையும் குடியேற்றத்தையும் ஒரே மூச்சில் பேசுவது வலென்சியாவின் வழக்கம் மட்டும் அல்ல. டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாளில் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகும் ஆணையிலும், தெற்கு எல்லையில் அவசரநிலை அறிவிக்கும் ஆணையிலும் கையெழுத்திட்டார். செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், காலநிலை மாற்றம் உலகின் மீது நிகழ்த்தப்பட்ட மிகப் பெரிய மோசடி என்றார். குடியேற்றமும் பசுமை ஆற்றலும் சேர்ந்து மேற்கு ஐரோப்பாவை அழித்துவிடும் என்றும் அதே உரையில் சொன்னார். அவர் பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, ஜெர்மனியின் ரீசா நகரில் நடந்த தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சி மாநாட்டில், அதன் இணைத்தலைவர் ஆலிஸ் வைடல் காற்றாலைகளை இடித்துத் தள்ளுவோம் என்றும் வெளிநாட்டவரைப் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்புவோம் என்றும் ஒரே மேடையில் முழங்கினார். அடுத்த மாதத் தேர்தலில் அந்தக் கட்சி 20.8 விழுக்காடு வாக்குப் பெற்று நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியானது.

இவர்களுக்கு வாக்களிப்பவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது பெரும் தவறு. 2018இல் பிரான்ஸ் அரசு எரிபொருள் வரியைக் கூட்டியபோது, வேலைக்குப் போக வண்டியைத் தவிர வேறு வழியில்லாத சிற்றூர்க்காரர்கள் மஞ்சள் சட்டை அணிந்து தெருவுக்கு வந்தார்கள். 2023இல் ஜெர்மனி அரசு வீடுகளின் எரிவாயுச் சூடேற்றிகளை மாற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, பணத்துக்கு எங்கே போவது என்று நடுத்தரக் குடும்பங்கள் கேட்டன. காலநிலைக் கொள்கையின் சுமையைச் சிறியவர்கள் தோளில் இறக்கிவைத்த அரசுகள்தாம் தீவிர வலதுசாரிகளுக்குக் களத்தைத் திறந்துவிட்டன. ஆனால் அந்தக் கோபத்தை அறுவடை செய்தவர்கள் சிறியவர்களின் சுமையைக் குறைத்தார்களா என்று பார்த்தால், கொடுத்தது பெரும்பாலும் இன்னொரு குற்றவாளியின் முகத்தைத்தான்.

2025 ஜூலையில் டோரே பச்சேகோவில் அந்த முகத்தைத் தேடித் தெருத்தெருவாக ஆட்கள் அலைந்தார்கள். ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியா மாநிலத்தில் உள்ள சுமார் 40,000 பேர் வாழும் ஊர் அது. மூன்றில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். பெரும்பாலோர் மொரோக்கோக்காரர்கள், தோட்டத் தொழிலாளிகள். முதியவர் ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியவர்கள் வட ஆப்பிரிக்க இளைஞர்கள் என்ற செய்தி பரவியதும், வெளியூர்த் தீவிர வலதுசாரிக் குழுக்கள் இணையத்தில் வேட்டைக்கு அழைப்பு விடுத்தன. பல இரவுகள் கலவரம் நடந்தது.

அந்த ஊர் இருக்கும் கார்தஹேனா சமவெளியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியச் சந்தைகளுக்குக் கீரையும் முலாம்பழமும் கூனைப்பூவும் போகும் இடம் அது. இயல்பில் வறண்ட நிலம். 1979 முதல் தாஹோ ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே கொண்டுவரப்பட்டது, சாகுபடி விரிந்தது, வேலைக்கு மொரோக்கோவிலிருந்து ஆள் வந்தார்கள். வயலில் கொட்டிய உரம் வழிந்து பக்கத்திலிருக்கும் மார் மெனோர் உப்பு நீரேரியில் சேர்ந்தது. 2019இலும் 2021இலும் ஏரியில் மீன்கள் மூச்சுத்திணறி டன் கணக்கில் கரையொதுங்கின. மக்கள் ஆறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். 2022இல் ஏரிக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை தரப்பட்டது. ஐரோப்பாவில் ஓர் இயற்கை அமைப்புக்கு அப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல்முறை. அந்தச் சட்டத்தை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது வோக்ஸ். 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தண்ணீர் குறைகிறது, ஏரி சாகிறது, வெயில் கூடுகிறது. அந்த வெயிலில் குனிந்து கீரை பறிப்பவனைத்தான் ஊருக்கு வந்த ஆபத்தாகக் காட்டினார்கள்.

இதுவரை சொன்னது மறுப்பின் முகம். மறுப்பு நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது. ஸ்பெயினில் 2025 கோடையில் மட்டும் சுமார் மூன்றரை லட்சம் ஹெக்டேர் எரிந்தது; புகையை மூச்சில் உணர்கிறவரிடம் தீயே இல்லை என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? எனக்கு அதிகம் கவலை தருவது அதற்கடுத்து வரப்போவதுதான். காலநிலை மாற்றம் உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதையே வேலிக்குக் காரணமாக்கும் பேச்சு ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரான்ஸின் தீவிர வலதுசாரி தேசியப் பேரணிக் கட்சிப் பட்டியலுக்குத் தலைமை தாங்கிய 23 வயது ஜோர்தான் பர்தெல்லா, சுற்றுச்சூழலின் சிறந்த கூட்டாளி எல்லைதான் என்றார். மண்ணில் வேரூன்றியவரே சூழலைக் காப்பார், நாடோடிக்கு மண் இல்லை, ஆகவே அக்கறையும் இல்லை என்ற பொருளில் அந்தக் கட்சியின் தலைவர் மரீன் லெ பென் பேசினார். இளைஞர்களுக்கு இந்தப் பேச்சு இதமாகக் கேட்கும்: உள்ளூர் விளைபொருள், குறுகிய போக்குவரத்து, மண்மீது பற்று. ஆனால் 2022 அதிபர் தேர்தலில் அதே லெ பென் புதிய காற்றாலைகளுக்குத் தடை விதிப்பதாகவும் இருக்கும் காற்றாலைகளைப் படிப்படியாகக் கழற்றுவதாகவும் வாக்குறுதி அளித்தார். எல்லையை மூடுவதற்குச் சூழல் காரணமானது. உமிழ்வைக் குறைப்பதற்கு அது காரணமாகவில்லை.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1974இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின், பணக்கார நாடுகளை நெரிசலான உயிர்காப்புப் படகாக வருணித்து, நீரில் தத்தளிக்கும் ஏழைகளை ஏற்றினால் எல்லோரும் மூழ்குவோம் என்று எழுதினார். இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தில் வளர்ந்த கண் மருத்துவர் ஜான் டான்டன், 1979இல் குடியேற்றக் குறைப்புக்கென அமெரிக்காவில் ஓர் அமைப்பையே நிறுவினார். அந்த நாட்டின் குடியேற்ற எதிர்ப்பு அரசியலில் அது பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தன்னைச் சூழல் பாசிஸ்ட் என்று எழுதிவைத்திருந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில் 23 பேரைக் கொன்றவனும், மக்கள்தொகை குறைந்தால்தான் வாழ்க்கை முறை நிலைக்கும் என்று எழுதிவிட்டே துப்பாக்கியை எடுத்தான். தேர்தல் கட்சிகளையும் கொலைகாரர்களையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஆனால் சூழலுக்கு ஆபத்து புகைபோக்கியிலிருந்து வரவில்லை, எல்லையைத் தாண்டிவரும் மனித உடலிலிருந்து வருகிறது என்ற கணக்கு இரு தரப்பிடமும் ஒன்றே.

அந்தக் கணக்கு உண்மையோடு பொருந்துகிறதா? உள்நாட்டு இடப்பெயர்வைக் கண்காணிக்கும் ஜெனீவா மையத்தின் பதிவுப்படி 2024இல் பேரிடர்களால் நாடுகளுக்குள்ளேயே நிகழ்ந்த இடப்பெயர்வுகள் 4.58 கோடி. அதில் ஏறத்தாழக் கால்வாசி, 1.1 கோடி, நடந்தது அமெரிக்காவில். ஹெலீன், மில்டன் புயல்களுக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய ஃபுளோரிடாக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைகளை முறையற்ற வழியில் கடந்ததாக அதன் எல்லைக்காவல் நிறுவனம் கணக்கிட்டவை சுமார் 2.4 லட்சம், முந்தைய ஆண்டைவிட 38 விழுக்காடு குறைவு. உமிழ்வைக் கட்டுப்படுத்தாவிட்டால் 2050க்குள் 21.6 கோடிப் பேர் வரை இடம்பெயர நேரலாம் என்று உலக வங்கி 2021இல் சொன்னதை வலதுசாரி மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். அந்த எண் முழுவதும் சொந்த நாட்டுக்குள் நகர்பவர்களின் எண் என்பதை அங்கே சொல்வதில்லை. 2022இல் பாகிஸ்தான் வெள்ளம் 3.3 கோடிப் பேரைப் பாதித்தது, சுமார் 80 லட்சம் பேரை வீட்டைவிட்டு விரட்டியது. சிந்து மாகாண உழவர்கள் பெரும்பாலும் பக்கத்துச் சாலை மேட்டில் கூடாரமடித்தார்கள், நீர் வடிந்ததும் திரும்பினார்கள். ஏழைகளால் வெகுதூரம் போக முடிவதில்லை. படகுக்காரனுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும்.

ஊரிலேயே ஒருவர் வாழ வழிசெய்வது விதை, அணைக்கட்டு, கிணறு, முன்னெச்சரிக்கை ஆகியவைதாம். இவற்றுக்கான பணத்தை முதலில் வெட்டுவதும் இதே அரசியல்தான். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு, 1985இல் அமெரிக்கா தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, மழையையும் விளைச்சலையும் சந்தை விலையையும் பார்த்து எங்கே பசி வரப்போகிறது என்று பல மாதம் முன்னதாகவே உலகுக்குச் சொல்லிவந்தது. 2025 ஜனவரி இறுதியில், டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியபோது அதன் இணையதளம் அணைந்தது. பல மாதங்களுக்குப் பிறகே திரும்ப வந்தது. ஸ்வீடனில் 2022இல் தீவிர வலதுசாரி ஸ்வீடன் ஜனநாயகர் கட்சியின் ஆதரவில் அமைந்த அரசு குடியேற்ற விதிகளை இறுக்கியது. 1987 முதல் இருந்த தனிச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை வேறொன்றோடு இணைத்தது. வெளிநாட்டு உதவிக்கு நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காடு என்ற நெடுநாள் இலக்கைக் கைவிட்டது. எரிபொருளில் உயிரி எரிபொருள் கலக்கும் கட்டாயத்தைத் தளர்த்தியது. இதனால் உமிழ்வு கூடும் என்று அரசின் நிதிநிலை அறிக்கையே ஒப்புக்கொண்டது. வாசலைப் பூட்டுகிறவர்களே வெளியில் இருப்பவர் ஊரில் வாழ முடியாதபடியும் செய்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சூழல் சிதைவின் பழியை வெளியாள் மேல் போடுவது நம் நாட்டிலும் நடக்கிறது. 1950க்குப் பிறகு அசாமில் பிரம்மபுத்திராவும் துணையாறுகளும் அரித்துத் தின்ற நிலம் 4.27 லட்சம் ஹெக்டேர், மாநிலத்தின் பரப்பில் ஏழு விழுக்காட்டுக்கு மேல். ஆற்றுத் திட்டுகளில் வாழும் வங்காள வம்சாவளி முஸ்லிம் உழவர்கள் நிலம் போனதும் வேறிடம் போகிறார்கள். போன இடத்தில் வங்கதேசத்திலிருந்து ஊடுருவியவர்கள் என்ற சந்தேகம் காத்திருக்கிறது. 2019இல் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து விடுபட்ட 19 லட்சம் பேர் தம் பரம்பரையைக் காகிதத்தால் நிறுவ வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் குவாஹாத்தியில் வெள்ளம் புகுந்தபோது, அண்டை மேகாலயாவில் குன்றை வெட்டிக் கட்டப்பட்ட, முஸ்லிம் ஒருவர் நிறுவிய பல்கலைக்கழகத்தை அசாம் முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா குறை சொன்னார். குன்றை வெட்டுவது கேள்வி கேட்கத் தகுந்த விஷயமே. அவர் அதற்கு வைத்த பெயர் ‘வெள்ள ஜிஹாத்’.

தீவிர வலதுசாரிகள் தேர்தலில் வெல்வதைவிட, மற்றவர்கள் அவர்களின் பட்டியலைத் தாங்களே நிறைவேற்றத் தொடங்குவதுதான் இன்றைய ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் புகலிட விதிகளைக் கடுமையாக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2040க்கான உமிழ்வு இலக்கில் ஒரு பங்கை வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கும் கரிமக் கடன்களால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று உறுப்பு நாடுகள் 2025 நவம்பரில் ஒப்புக்கொண்டன. அதே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மைய வலதுசாரிக் குழு, பெருநிறுவனங்களின் சூழல் பொறுப்பைத் தளர்த்தத் தீவிர வலதுசாரிகளோடு சேர்ந்து வாக்களித்தது. வலென்சியாவில் மசோன் பதவி விலகியதும் அந்த நவம்பரில்தான். அவருக்குப் பின் வந்தவர் வோக்ஸின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து நம் கட்டுமானத் தளங்களுக்கும் பின்னலாடை ஆலைகளுக்கும் உணவகங்களுக்கும் வந்திருப்பவர்களில் ஆறு நிலத்தைப் பறித்தவர்களும் வெள்ளம் விளைச்சலைப் பறித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ‘வடக்கன்’ என்று ஏசும் பேச்சு இங்கே இப்போது கைபேசிக் காணொளிகளில் இருக்கிறது. அதை வாக்குக் கேட்கும் முழக்கமாக்க முனையும் வேட்பாளரிடம் உங்கள் ஊர் ஏரிக்கரை எந்த நிலையில் இருக்கிறது, புயல் எச்சரிக்கை எத்தனை மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வரும், வெயிலில் வேலை செய்பவருக்கு நிழலும் தண்ணீரும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிலில் வெளியூர்க்காரனின் பெயர் வந்தால் அந்த வேட்பாளருக்கு வாக்களிக்காதீர்கள்.